டயரின் கால்

சிரிப்பு வந்தால் அவள் முதலில் முகத்தை இடப்பக்கம் திருப்பிக்கொள்வாள். பிறகுதான் சிரிப்பாள். கல்யாணமான புதிதில் அதைக் கவனித்த கணவன், பெண் வெட்கப்படுகிறாள் என்று நினைத்து உள்ளுக்குள் பூரித்துப்போனான். அவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் இரும்புக் கயிற்றோடு மல்லுக்கட்டிவிட்டு வீடு திரும்புகிறவனுக்கு, வாசலில் ஒரு வெட்கம் காத்திருப்பது பெரிய விஷயம்.

அந்தப் பூரிப்பு ஒரு மழைக்காலம்வரைதான் தாங்கியது. அவள் தும்மும்போதும் இடப்பக்கமே திரும்பினாள். இருமும்போதும் அப்படித்தான். தண்ணீர்க் குழாய் விஷயமாக மாடி வீட்டுக்காரரோடு சண்டை வந்த அன்று, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் இடப்பக்கம் திரும்பி மூச்சை இறக்கிவிட்டு, பிறகு நேராகப் பார்த்து அவரை வாங்கு வாங்கென்று வாங்கினாள். கணவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"வெட்கம்னு நெனச்சு ஏமாந்துட்டேன்" என்றான் அன்று சாப்பிடும்போது. "எந்நேரமும் அந்தப் பக்கமே திரும்பறியே, அங்க யாரு நிக்கறா?"

"எந்தப் பக்கம்?"

"உனக்குத் தெரியாதா?"

அவளுக்கு உண்மையிலேயே தெரியாது. கையில் எடுத்த கவளத்தோடு கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தாள். பிறகு சொன்னாள், "முன்னாடி மெஷின் இருக்குல்ல, அதனாலதான்."

அவன் சமையலறையைச் சுற்றிப் பார்த்தான். அடுப்பு இருந்தது, குடம் இருந்தது. "எங்க இருக்கு?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இடப்பக்கம் திரும்பினாள்.

மெஷின் இருந்தது கால்நடை மருத்துவமனையின் பின்கட்டில். முன்பக்கம் மாடும் ஆடும் நாயும் பூனையும் அவரவர் மனிதர்களை அழைத்துக்கொண்டு வந்து நிற்கும். பின்பக்கம் எலும்பு ஆராய்ச்சிக்கூடம். உடைந்த காலில் வைத்த தகடு எலும்போடு சேர்ந்ததா, தேய்ந்த மூட்டில் வைத்த மருந்து வேலை செய்ததா என்பதையெல்லாம் கடைசியாகத் தெரிந்துகொள்ள ஒரே வழிதான் உண்டு. அந்த எலும்பை எடுத்து, ஊறவைத்து, மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். இதில் பார்ப்பது டாக்டரின் வேலை. அதற்கு முன்னால் இருக்கும் எல்லாம் அவளுடையது.

சீவல் என்றால் சாதாரணச் சீவல் கிடையாது. ஒரு தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. மெஷினின் சக்கரத்தை அவள் சுற்றச் சுற்ற, மெழுகும் எலும்புமாக ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரு நாடா இறங்கிவரும். அதைத் தூரிகை நுனியால் தாங்கி வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட வேண்டும். அந்த நேரத்தில் எதிரே இருப்பவர் பெருமூச்சு விட்டாலே போதும், நாடா சுருண்டு எங்கேயாவது போய் ஒட்டிக்கொள்ளும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் டாக்டரம்மா கதவைத் திறந்துகொண்டு வந்து, வைத்தியத்துக்கு வந்த ஒரு காளை தன்னை மேசைமேல் ஏற்றி நிற்கவைத்த கதையைச் சொன்னார். நல்ல மனுஷி, கதை சொல்வதில் கெட்டிக்காரி, நேரம் காலம் மட்டும் தெரியாது. இவள் வாய்விட்டுச் சிரித்தாள். நாடா பறந்தது. இருவரும் தரையில் குனிந்து தேடினார்கள். கடைசியில் டாக்டரம்மா நிமிர்ந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார், "என் கண்ணாடியில ஒட்டியிருக்கே, இது யாரோட இடுப்பு?"

செம்மறியாட்டின் இடுப்பு. மெழுகுக் கட்டியில் இன்னும் எலும்பு மிச்சம் இருந்ததால் அன்று பிழைத்தாள். ஆனால் அன்றிலிருந்து அவள் கழுத்து தானாகவே ஒன்றைக் கற்றுக்கொண்டது.

அவளுடைய அப்பாவும் எலும்பு வெட்டுகிறவர்தான். சந்தை மூலையில் கறிக்கடை. அந்த வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். பட்டம் வாங்கிய அன்று கடைக்கு விடுமுறை விட்டார். கடை தொடங்கியதிலிருந்து அவர் அப்படி விட்டது அன்று ஒருநாள்தான். வேலை கிடைத்ததும் வருகிற போகிறவர்களிடமெல்லாம் "பொண்ணு டாக்டர்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"டாக்டர் இல்லப்பா."

"மாட்டு டாக்டர்னு சொல்லட்டா?"

"அதுவும் இல்லப்பா."

"அப்ப என்னன்னுதான் சொல்றது?"

அவள் விளக்கிச் சொன்னாள். அவர் கத்தியைத் துணியில் துடைத்தபடியே முழுவதையும் கேட்டார். கேட்டு முடித்ததும், "இந்த எலும்பு வெட்டற வேலை உனக்கு வேணாம்னுதான்டி படிக்க வெச்சேன்" என்றார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அதுவும் நான் ஒரே போடுல முடிக்கறத நீ மூணு மாசமா வெட்டறியே. உன் கடைக்கு யாரு வருவா?"

அவளும் சிரித்தாள்தான். ஆனால் பஸ்ஸில் வரும்போது அந்தக் கேள்வி கூடவே வந்தது. படித்து எங்கே வந்து சேர்ந்திருக்கிறோம்? அறுவை செய்பவர் டாக்டரம்மா. எழுந்து நடப்பது ஆடோ நாயோ. இரண்டுக்கும் நடுவே மெழுகு நாற்றம் பிடித்த அறையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற தன்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது? பெயர் கிடைக்கவில்லை. மறுநாள் காலையில் முதல் நாடா சுருக்கமில்லாமல் இறங்கி, வெந்நீர்மேல் பட்டுத்துணி விரிவதுபோல விரிந்தபோது, பெயரில்லாமல் போனாலும் பரவாயில்லை என்று தோன்றியது. இப்படியே வருடங்கள் ஓடின. கேள்வி போகவுமில்லை, பெரிதாகத் தொந்தரவு செய்யவுமில்லை. வாடகைக்குக் குடியிருக்கும் அமைதியான ஆளைப்போல ஒரு மூலையில் இருந்தது.

அதை எழுப்பிவிட்டவர் ஒரு பள்ளிக்கூட வேன் டிரைவர்.

அவரிடம் ஒரு நாய் இருந்தது. பெயர் டயர். குட்டியாக வேன் சக்கரத்தடியில் வந்து படுத்ததால் வேனில் வரும் பிள்ளைகள் வைத்த பெயர். அதே சக்கரத்தால்தான் அதற்கு ஆபத்தும் வந்தது. ஒருநாள் காலையில் அவசரமாக வேனைப் பின்னுக்கு எடுத்தார் டிரைவர். டயர் கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது. பின்னங்கால் முட்டியில் எலும்பின் வழுவழுப்பான மேல்மூடி உடைந்து குழி விழுந்திருந்தது. காலை எடுத்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். டாக்டரம்மா அப்போதுதான் ஒரு புது முறையைச் செய்து பார்த்துக்கொண்டிருந்தார். அதே முட்டியில் பாரம் விழாத ஓரத்திலிருந்து, மேலே குருத்தெலும்போடு சேர்த்து ஒரு சிறு துண்டு எலும்பைக் குடைந்தெடுத்து, உடைந்த குழியில் அடைத்து வைத்தார். நாய் பிழைத்தது, கால் பிழைத்தது, நடந்தது. நொண்டி நொண்டி நடந்தது.

அந்த நொண்டல்தான் டிரைவருக்கு முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. டாக்டரம்மா ஒவ்வொரு முறையும் முட்டியை அழுத்திப் பார்த்து, மடக்கிப் பார்த்து, படம் எடுத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்பார். "நாய் எல்லாத்தையும் பொறுத்துக்கும் டாக்டர். என்னையே பொறுத்துக்கிச்சே" என்பார் டிரைவர். டயருக்கு வயதாகி, ஒரு மத்தியானத் தூக்கத்தில் அது எழுந்திருக்காமல் போகும்வரை அவர் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

இறந்தபின் முட்டியை ஆராய்ச்சிக்குத் தருவதாக அவர் டாக்டரம்மாவிடம் முன்பே ஒப்புக்கொண்டிருந்தார். அந்த முறையில் வைத்தியம் செய்த நாய்களில் இத்தனை காலம் வாழ்ந்தது அது ஒன்றுதான். சொன்ன சொல் மாறாமல், டயரைப் பழைய போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார்.

டாக்டரம்மா வெட்டியெடுத்த முட்டியை வாங்கிக்கொள்ள அவள் போனாள். அறுவை அறையை ஒட்டிய நடைபாதையில், எலும்பைப் பதப்படுத்தும் மருந்து நிரம்பிய பெரிய வாய் ஜாடியை மேசைமேல் வைத்துத் திறந்தாள். அந்த மருந்தின் காரம் சும்மா கிடையாது. கண்ணைப் பிடுங்கும், தொண்டையை அறுக்கும். மூடியைத் திறக்கும் முன்பே மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்வது அவளுக்குக் கைவந்த பழக்கம். எலும்பை மெதுவாக உள்ளே இறக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார் டிரைவர். காக்கிச் சட்டையின் மேல் பட்டன் அறுந்திருந்தது.

"ஏம்மா, வேலை முடிஞ்சதும் காலைத் திருப்பிக் குடுத்துடுவீங்கல்ல? மத்ததை இன்னிக்குப் புதைச்சிடறேன். கால் வந்ததும் பக்கத்துலயே சேர்த்து வெச்சுடறேன். நாலு காலோட வந்துச்சு, மூணோட போகக் கூடாது பாருங்க."

மூச்சைப் பிடித்திருந்த அவள் தலையை ஆட்டினாள்.

'கேட்டுக்கொண்டிருக்கிறேன், கொஞ்சம் இருங்கள்' என்ற பொருளில்தான் ஆட்டினாள். மூடியைத் திருகி, இடப்பக்கம் திரும்பி மூச்சை விட்டு, மறுபடி நேராகப் பார்ப்பதற்குள் டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போர்வை மூட்டையோடு படி இறங்கிவிட்டார். ஓடிப்போய்க் கூப்பிட்டிருக்கலாம். கையில் ஜாடி இருந்தது. அதைச் சாக்காக வைத்துக்கொண்டாள்.

ஆராய்ச்சிக்கு வந்த எலும்பு திரும்பிப் போகாது. சீவியது போக மிஞ்சும் மெழுகுக் கட்டியை அலமாரியில் அடுக்கி வைப்பார்கள். நாளைக்கு யாருக்காவது சந்தேகம் வந்தால் மறுபடி வெட்டிப் பார்க்க வேண்டும். அந்த அறையில் ஒரு கட்டிக்கு வேலை 'முடிஞ்சது' என்ற பேச்சே இல்லை.

டாக்டரம்மாவிடம் சொன்னாள்.

"அவருகிட்ட சரின்னா சொன்ன?"

"சொல்லல மேடம். தலையாட்டினேன்."

"ஏன்?"

"மூச்சைப் பிடிச்சிருந்தேன்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. "உன் மூச்சு உன்னை ஒருநாள் ஜெயில்ல தள்ளப்போகுது பாரு. நீயே ஆட்டின தலை, நீயே போய்ச் சொல்லு."

எலும்பை அப்படியே சீவ முடியாது, கத்தி உடைந்துபோகும். அதிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்தெடுக்கும் கரைசலில் வாரக்கணக்கில் ஊறவைக்க வேண்டும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கரைசலை மாற்றுவாள். காரமான அமிலத்தில் போட்டால் சீக்கிரம் மெத்தென்று ஆகிவிடும்தான். ஆனால் குருத்தெலும்பு பின்னால் சாயத்தை வாங்காது. நல்ல மூட்டுகூட வெளிறிப்போய், தேய்ந்த மூட்டுபோலத் தெரியும். அதனால் மெதுவான வழிதான்.

டிரைவருக்கு அந்த மெதுவழி பிடிக்கவில்லை. சனிக்கிழமை தோறும் பிள்ளைகளை இறக்கிவிட்டு, காலி வேனோடு வந்து மரத்தடியில் நிறுத்துவார்.

"ஊறிடுச்சா?"

"இன்னும் இல்லண்ணே."

"நாங்க பயறு ஊறப்போட்டா ஒரே ராத்திரிதான்."

"பயறு நடந்து நடந்து தேஞ்சதில்லையேண்ணே."

"அதுவும் சரிதான்" என்று திரும்பிப் போவார். ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். வேனில் ஏறுமுன் அவர் நான்கு சக்கரத்துக்கும் அடியில் குனிந்து குனிந்து பார்ப்பார். பிறகுதான் ஏறுவார். ஒவ்வொரு சனிக்கிழமையும், இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் அவள் படி இறங்கிப் போவாள். பயறைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பிவருவாள். காலைத் தர முடியாது என்பதை, அந்தக் காலில் என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே எப்படிச் சொல்வது? முட்டி தேய்ந்து, உள்ளே புண்ணாகி இருந்தால்? ஒரே நாளில் இரண்டு கெட்ட சேதியையும் ஒரு மனிதர் தலையில் போட முடியுமா? அப்படிப் போடும் அளவுக்கு அவள் யார்? டாக்டரா?

ஒரு சனிக்கிழமை இரவு வீட்டில் கணவனிடம் கேட்டாள், "பொய் சொல்லலாமா?"

"யாருகிட்ட?"

"டிரைவர்கிட்ட. வலிக்கலன்னு."

அவன் யோசித்தான். "லிஃப்ட் நடுவுல நின்னு போச்சுன்னா உள்ள இருக்கறவங்க பயந்துபோய்க் கத்துவாங்க. ஒண்ணும் ஆகாது, இதோ அஞ்சே நிமிஷம்னு வெளிய இருந்து சொல்வேன். அரைமணி நேரம் ஆகும். அது பொய்தான். ஆனா கடைசியில கதவைத் திறந்து விடுறேன்ல? நீ எதைத் திறந்து விடுவ?"

 லிஃப்ட்காரனைக் கட்டிக்கொண்டது ஒரு வகையில் நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒருவழியாக எலும்பு ஊறியது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது படத்தில் வெள்ளையாக ஒன்றும் விழவில்லை. சுண்ணாம்பு முழுக்கப் போயிருந்தது. ஆல்கஹாலில் மாற்றி மாற்றி ஊறவைத்து நீரை இறக்கி, உருகிய மெழுகைக் குடிக்கவைத்து, கட்டியாக வார்த்து, பனிக்கட்டிமேல் குளிரவைத்தாள். ஒரு புதன்கிழமை காலை புதுக் கத்தியை மாட்டிக்கொண்டு மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். கதவில் 'சிரிப்பூட்ட வேண்டாம்' என்று எழுதி மாட்டினாள். அது டாக்டரம்மாவுக்கு.

நாடா சொன்னபடி கேட்டது. சாயமேற்றினாள். குருத்தெலும்பு சிவப்பாகவும் எலும்பு பச்சையாகவும் பிடிக்கும் சாயம். ஈரம் உலர்ந்ததும் முதல் ஸ்லைடை நுண்ணோக்கியில் வைத்தாள். ஒட்டு வைத்த இடத்தைத் தேடினாள். இல்லை.

இடம் மாறி வெட்டிவிட்டோமா என்று சந்தேகம் வந்தது. அடுத்த ஆழத்தின் சீவலை வைத்தாள். அதிலும் இல்லை. பச்சை வரிகள் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு வயல் வரப்புபோலத் தடையில்லாமல் ஓடின. மேலே சிவப்பு, ஒரே சீராக. மூன்றாவது ஸ்லைடில்தான் பிடிபட்டது. ஓரிடத்தில் வரிகள் லேசாகத் திசை திரும்பி, மறுபடி சேர்ந்துகொண்டன. அதுதான் ஒட்டு. துணியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் மட்டும் தெரிகிற நல்ல தையல்போல. சுற்றிலும் வீக்கம் இல்லை, புண்ணின் அடையாளம் இல்லை, கீழே எலும்பு தடித்துப்போகவும் இல்லை. ஓரத்தில் மட்டும் குருத்தெலும்பு கொஞ்சம் மெலிந்திருந்தது. வயதான எந்த நாய்க்கும் அது இருக்கும்.

டாக்டரம்மா வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.  பிறகு நிமிர்ந்து, "டீ சொல்லும்மா. ரெண்டு சொல்லு. இல்ல, எல்லாருக்கும் சொல்லு" என்றார். கதவருகே போனவர் திரும்பி, "டிரைவருக்கு நீயே காட்டிடு. நான் சொன்னா, இத்தனை வருஷமா சொன்னதையேதான் சொல்றேன்னு நினைப்பார்" என்றார்.

சனிக்கிழமை டிரைவர் வந்தார். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணை வைத்துப் பாருங்கள் என்றாள்.

"என்னம்மா கருப்பா வேலி மாதிரி தெரியுது?"

"அது உங்க கண் ரப்பை முடிண்ணே. இன்னும் கிட்ட வைங்க."

"ஆங். செவப்பா இருக்கே. ரத்தமா?"

"சாயம்ணே. செவப்புதான் வழுவழுப்பான மூடி. பச்சை எலும்பு. டாக்டர் ஒட்டு வெச்ச இடம் நடுவுல இருக்கு, கண்டுபிடிங்க பார்ப்போம்."

அவர் தேடினார். இந்தக் கண்ணை மூடி, அந்தக் கண்ணை மூடித் தேடினார். "இல்லையே."

"எனக்கும் முதல்ல கிடைக்கலண்ணே. அந்த அளவுக்குச் சேர்ந்துபோச்சு."

டிரைவர் நிமிரவில்லை. குனிந்தபடியே கேட்டார், "அப்ப அதுக்கு வலிக்கலயா?"

இல்லை என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதைச் சொன்னால் இந்த மனிதர் இன்றைக்குத் தூங்குவார். சொல்வதற்கும் யாரும் தடையில்லை. ஆனால் இத்தனை வாரம் அவசரப்படாமல் ஊறவைத்தது, தெரிகிறதை மட்டும் காட்டத்தானே?

"வலிக்குச் சாயம் பிடிக்காதுண்ணே. இருந்துச்சா இல்லையான்னு இதுல தெரியாது. வலிக்கிறதுக்கான காரணம் எதுவும் இந்த முட்டியில இல்ல. அதை மட்டும் என்னால சொல்ல முடியும்."

"அப்ப ஏன் கடைசிவரைக்கும் நொண்டிச்சு?"

அதற்கு அவளிடம் ஸ்லைடு இல்லை.  டிரைவரே தொடர்ந்து, "வீட்டுல என் சம்சாரம் வேற சொல்லும், அது நடிக்குது, நீ பார்க்கறப்ப மட்டும்தான் நொண்டுது, பிஸ்கட்டுக்குன்னு. ஒருநாள் மறைஞ்சு நின்னு பார்த்தேன். பூனையைத் துரத்தறப்பயும் நொண்டிக்கிட்டேதான் துரத்துச்சு. பூனையே நின்னு திரும்பிப் பார்த்துட்டுப் பாவம்னு மெதுவா ஓடுச்சு" என்றார்.

அவளால் அடக்க முடியவில்லை. இடப்பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

டிரைவர் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். சுவர்தான் இருந்தது. "ஏம்மா, அங்க யாரு?"

"யாரும் இல்லண்ணே. மெஷின் முன்னாடி சிரிச்சா சீவல் பறந்துடும். அதனால திரும்பிக்கறது."

"மெஷின் அந்த அறையிலதானே இருக்கு?"

"ஆமா."

"வீட்டுலயும் இப்படித்தானா?"

"வீட்டுல, பஸ்ல, எல்லா இடத்துலயும்தானாம்."

"கழுத்து வலிக்குமா?"

"இல்லண்ணே. திரும்பறேன்னே எனக்குத் தெரியாது. வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும்."

 டிரைவர் அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மறுபடி நுண்ணோக்கியில் குனிந்தார்.

"உனக்கும் தெரியாதா" என்றார், உள்ளே இருந்த சிவப்பையும் பச்சையையும் பார்த்து.

கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தபோது முகம் லேசாக இருந்தது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரொம்ப நேரம் ஒத்தைக் கண்ணால பார்த்தா தண்ணி வருது" என்றார். "சரிம்மா. காலைக் குடுங்க, கிளம்பறேன்."

வந்துவிட்டது. இந்த முறை அவள் மூச்சை முழுக்க விட்டுவிட்டே பேசினாள்.

"தர முடியாதுண்ணே. அன்னிக்கே சொல்லியிருக்கணும். மருந்து ஜாடி திறந்திருந்துச்சு, மூச்சைப் பிடிச்சுக்கிட்டிருந்தேன், அதான் தலையாட்டினேன். அப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் சொல்ல நெனச்சு, சொல்லாம விட்டுட்டேன். தப்பு என்னோடதுதான்."

"தர முடியாதுன்னா?"

அலமாரியைத் திறந்து காட்டினாள். வரிசை வரிசையாக மெழுகுக் கட்டிகள். சோப்புக்கட்டி அளவில் ஒன்றை எடுத்து நீட்டினாள். டிரைவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அது அங்க மூணு காலோட கிடக்குதும்மா."  "யாருக்காக இத வெச்சிருக்கீங்க? யாரு பார்க்கப்போறா?"

"இதே ஆபரேஷனை வேற நாய்க்கு செய்யறவங்க பார்ப்பாங்க. நிஜமாவே ஒட்டிக்கிச்சான்னு சந்தேகம் வந்தா, இதை மறுபடி வெட்டிக் காட்டணும். இவ்வளவு நாள் நடந்த முட்டி எங்ககிட்ட இது ஒண்ணுதாண்ணே இருக்கு."

"எவ்வளவு நாளைக்கு?"

"நான் இருக்கறவரைக்கும். அதுக்கப்புறமும்."

அவர் கட்டியைக் கையில் வைத்து எடை பார்ப்பதுபோல ஆட்டினார். வெகுநேரம் ஆட்டினார். பிறகு அதை அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டார்.

"வெச்சுக்கங்க. ஆனா ஒண்ணு, நான் குடுத்துட்டேன்னு நெனச்சுக்காதீங்க. கடனா வாங்கியிருக்கீங்க. தலையாட்டி வாங்கின கடன்."

"சரிண்ணே."

"இப்ப வாயைத் திறந்து சொல்லிட்டீங்க" என்று சிரித்தபடி செருப்பை மாட்டிக்கொண்டார்.

இதைக் கேட்ட அப்பா கடையில் நாலு பேர் முன்னால் விழுந்து விழுந்து சிரித்தார். "என் ஆயுசுல வித்த எலும்பை ஒருத்தனும் திருப்பிக் கேட்டதில்ல. உன் கடைக்குத்தான் ஆள் வராதுன்னு நெனச்சேன், கடன்காரனே வர்றானே!" அன்றிலிருந்து டாக்டர் என்று சொல்வதை விட்டுவிட்டார். "பொண்ணு எலும்பைப் பார்த்து, சேர்ந்துச்சா இல்லையான்னு காட்டற வேலையில இருக்கா" என்பார். நீளமான பெயர்தான். அவளுக்கு அது பிடித்திருந்தது.

அதன்பிறகு தெருவில் எங்கே வேன் எதிர்ப்பட்டாலும் ஜன்னல் வழியாகத் தலை நீளும். "கால்?" பின்னாலிருந்து பிள்ளைகள் கோரஸாக, "கால்! கால்!" என்று கத்துவார்கள். எதற்கென்று அவர்களுக்குத் தெரியாது. அவள் இரண்டு கையையும் விரித்துக் காட்டுவாள். ஒருமுறை மனசு கேட்காமல், வெட்டும்போது கழிந்த சீவல்களை ஒரு சிமிழில் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். எப்படியும் குப்பைக்குப் போகிற சீவல்தான், டாக்டரம்மாவும் சரி என்றிருந்தார். டிரைவர் திறந்து பார்த்தார்.

"நான் கேட்டது கால். நீங்க தர்றது தூள். இதெல்லாம் வேணாம்மா, மொத்தமாவே இருக்கட்டும். அப்பதான் எனக்கும் உங்களைக் கூப்பிட ஒரு சாக்கு இருக்கும்."

வேறு ஊரில் பெரிய ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்தபோது, புதிதாக வந்த பெண்ணிடம் அலமாரிச் சாவியை ஒப்படைத்தாள். டயரின் கட்டியை மட்டும் தனியாக எடுத்துக் காட்டி, "யாராவது கேட்டா வெட்டிக் காட்டு. ஆனா கஞ்சமா வெட்டு. இது கடன் வாங்கினது" என்றாள். அந்தப் பெண் விழித்தாள். டாக்டரம்மா காளைக் கதையை மறுபடி ஒருமுறை சொல்லி இவளை வழியனுப்பிவைத்தார்.

வீட்டுச் சாமான் ஏற்ற வேன் டிரைவரே வந்தார். வாடகைப் பேச்சை எடுக்கவே விடவில்லை. கட்டிலும் பீரோவும் குடமும் ஏறின. கணவன் அவளுக்கு இடப்பக்கமாக ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டான். டிரைவர் வேனைச் சுற்றிவந்தார். முன்சக்கரம், பின்சக்கரம், ஒவ்வொன்றின் அடியிலும் குனிந்து பார்த்தார். அங்கே படுத்திருக்க யாரும் இல்லாமல் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. பார்த்து முடித்துத்தான் ஏறினார்.

"எல்லாம் ஏத்தியாச்சாம்மா? எதையாவது மறந்துட்டீங்களா?"

"இல்லண்ணே, எல்லாம் இருக்கு."

"எல்லாமா?" என்று கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "ஒண்ணு குறையுதே."

அவள் இடப்பக்கம் திரும்பிச் சிரித்தாள். கல்யாணமான நாளிலிருந்து முதன்முறையாக அந்தச் சிரிப்பு முழுசாகத் தன் முகத்துக்கு நேரே வந்ததைக் கண்டு கணவன் திக்குமுக்காடிப்போனான். வேன் கிளம்பியது. மருத்துவமனையின் பின்கட்டில், மூன்றாவது அலமாரியில், மெழுகுக்குள் டயரின் கால் இருந்தது. தருவதாக அவள் தலையாட்டிய கால். அந்தக் கடன் இன்னும் அப்படியே நிற்கிறது.